இரண்டாம் ஞாயிறு

ஆக்லாந்து – சாந்தியாகோ.
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
பதினொரு மணி நேரம்.
பயணச்சீட்டில் மட்டும்
ஞாயிறு மாலை ஆறுக்குக் கிளம்பி
அதே ஞாயிறு பகல் ஒன்றுக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது.

பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவள் நான்.
இப்படி ஒரு வரி எழுதினால்
லெஸ்லி என் சீட்டைக் கிழித்துவிடுவார்.

கால்களுக்கிடையில் நீலப் பெட்டி.
உள்ளே யாரோ ஒருவரின் குருத்தணுக்கள்,
யாரோ ஒருவருக்கு.
பெயர் சொல்லமாட்டார்கள்.
கதிர்க்கருவிக்குள் விடக்கூடாது,
கண்ணைவிட்டு அகற்றக்கூடாது,
நான் மது தொடக்கூடாது.
எடுத்த நேரம்: ஞாயிறு, நண்பகல் பன்னிரண்டு.
எழுபத்திரண்டு மணிக்குள் ஏற்றியாக வேண்டும்.

“ஹினேவாய், குழந்தைமாதிரி பார்த்துக்கொள்”
என்றாள் மருத்துவமனை வாசலில் ஒருத்தி.
குழந்தையென்றால் அழுமே.
இது இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே
ஏதோ ஒரு டிகிரியில்
சும்மா இருக்கிறது.

வரைபடத்தில் கிழக்கே நேர்கோடு.
விமானமோ தெற்கே சாய்ந்து போகிறது.
உருண்டையின்மேல் குறுக்குவழி
வளைவாகத்தான் இருக்குமாம்.
கீழே ஊரில்லை, தீவில்லை,
அதோ என்று சுட்ட ஒரு விளக்கில்லை.
பக்கத்து இருக்கைக்காரர் செம்மறி ஏலத்துக்குப் போகிறவர்,
வாய் திறந்து தூங்குகிறார்.

தேதிக்கோட்டை எப்போது தாண்டினோம், தெரியவில்லை.
ஒரு குலுக்கல்கூட இல்லை.
நாட்காட்டி பதினாறு மணி நேரத்தைத்
திருப்பித் தந்துவிட்டது,
அவசரக் கடைக்காரர் சில்லறை தருவதுபோல
முகம் பாராமல்.
தந்தது எனக்கு. பெட்டிக்கில்லை.
அதற்குள் ஓடுவது ஒரே கடிகாரம்.

பிறகு சாளர விளிம்பில் சிவப்பு.
மானுகாவ் துறைமுகத்தில் நேற்று,
நேற்று அல்ல, இன்று
விழுந்த அதே ஞாயிறு
எழுகிறது.
ஒரு ஞாயிற்றுக்கு இரண்டு ஞாயிறு.

சாந்தியாகோவில் நியேவெஸ் கையெழுத்திட்டாள்.
பெற்ற நேரம்: ஞாயிறு, பிற்பகல் இரண்டு நாற்பது.
மேல்வரியைப் பார்த்தாள், கீழ்வரியைப் பார்த்தாள்.
“இரண்டு மணி நாற்பது நிமிடத்திலா?”
சிரித்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள்.
பதினெட்டு நாற்பது.
தோளால் கதவைத் தள்ளிப்
பெட்டியோடு உள்ளே போய்விட்டாள்.
கைப்பிடியைப் பிடித்துப் பழகிய என் விரல்கள்
விரிய மாட்டேன் என்றன.

செவ்வாய் காலை ஏற்றுவார்களாம்.

திங்கள் இரவு கிளம்பினேன்,
புதன் விடியலில் இறங்கினேன்.
எனக்குச் செவ்வாய் இல்லை.
முழுசாக ஒரு கிழமை, கடலோடு போயிற்று.
அந்த ஊரில் அது
பெயர் தெரியாத ஒரு கைக்குள்
சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும்
என்று நினைத்துக்கொள்கிறேன்.
கேட்க வழியில்லை.

ஒன்பது மணிக்குப் பணிமனை.
எழுபதாம் எண் பேருந்து
நான்கு நிமிடம் தாமதம் என்று ஒரு புகார்.
வழக்கமாக இதையெல்லாம் ஓரமாக வைத்துவிடுவேன்.
இன்று கடைசி வரி வரை படித்தேன்.
மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.