நிறம் சரிவராது

பன்னிரண்டு மாதச் சீட்டு.
எனக்கு விழுந்தது ஒன்பதாவதில், எழுபதாயிரம் ரூபா.
கைப்பை வாங்க என்று சொன்னதும்
அடகுப் பிரிவில் பக்கத்து இருக்கை நிர்மலகாந்தன்
பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஒன்றரை வருடமாய்க் கணக்குப் பார்த்திருக்கிறேன், ஐயா.
கஸ்தூரியார் வீதியில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தது
மாரி தொடங்க உரியும்,
தை பிறக்க வார் அறும்.
வருடத்துக்கு மூன்று, பத்து வருடத்துக்கு முப்பது.
பெருக்கிப் பார்த்தால் நான் ஏற்கெனவே
ஒரு நல்ல பையின் விலையைக்
குப்பை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

இத்தாலிப் பை, அசல், எழுபதுக்குத் தருவா என்று
ஆரோ சொல்லி, ஆரோ இலக்கம் தந்து,
ஞாயிறு காலை பத்து மணிக்கு இணுவிலுக்குப் போனேன்.
இரவில் வாங்காதே, ரியூப் லைற் எல்லாவற்றையும் வடிவாக்கும்.
சம்பளத்தன்று வாங்காதே.
சோற்றுப்பெட்டியையும் குடையையும் கையோடு கொண்டு போ;
அவை உள்ளே போகாத பைக்கு
இந்த ஊரில் என்ன வேலை?

சுகிர்தமலர் அக்கா அதை
ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்தார்,
நித்திரைப் பிள்ளையை மாற்றிக் கிடத்துவதுபோல.
“பரிசிலயிருந்து இவர் அனுப்பினது,
கலியாண நாளுக்கு. எட்டு வருசம்.
நாலுதரம்தான் கொண்டுபோனனான்.
மகன்ர ரியூசன் காசுக்காகத்தான், இல்லாட்டி…”
கறுப்பு.
முகம் தெரிகிற கறுப்பு.

யன்னலடிக்குக் கொண்டுபோனேன்.
நாள் முழுக்கத் தாலிக்கொடிகளை உரைத்துப் பார்க்கிற விரல்கள்
நான் சொல்லாமலே வேலையைத் தொடங்கின.
கைப்பிடியின் இடப்புறம் பதினொரு தையல்,
வலப்புறம் பதின்மூன்று.
சிப்பின் நாக்கில் பாரமில்லை.
முத்திரையில் ஓர் எழுத்து
மற்ற எழுத்தின் தோளில் சாய்ந்து நின்றது.
மூலையில் நகநுனி அளவு உரிவு.
தோல் என்றால் தேயும், மினுங்கும், சுருங்கும்,
உரியாது.
உரிந்த இடத்தில் வெள்ளைத் துணி எட்டிப் பார்த்தது.
திறந்து மூக்கை வைத்தேன்.
எட்டு வருடமாகியும் பசை மணம்.

அக்கா சிவப்புச் சோடா ஊற்றி வைத்திருந்தார்.
கண்ணாடிக் குவளை, அடியில் சின்னத் தட்டு.
சுவரில் பனிக்கோட்டோடு ஒரு மனிதர் சிரித்தார்.
மாலை போட்டிருக்கவில்லை.
தூசும் தட்டியிருக்கவில்லை.

வங்கியில் என்றால் லேசு.
“அம்மா, மாற்றுக் குறைவு” என்று
தராசைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம்,
அடுத்த இலக்கத்தைக் கூப்பிடலாம்.
இங்கே பார்ப்பதற்குத் தராசு இல்லை.
அக்காவின் முகம்தான் இருந்தது,
சோற்றுப்பெட்டியும் குடையும்
அந்தப் பைக்குள் அழகாகப் போய் இருந்ததை
என்னைவிடச் சந்தோசமாய்ப் பார்த்தபடி.

“வடிவான பை, அக்கா.
நிறம்தான் எனக்குச் சரிவராது.”

சொல்லிவிட்டுச் சோடாவைக்
கடைசித் துளிவரை குடித்தேன், வேறு செய்வதற்கில்லாமல்.

அவர் பையை உறைக்குள் போட்டு வாயை மடித்தார்.
கேற் வரைக்கும் வந்தார்.
நான் ஹெல்மெற்றைக் கொழுவும்வரை ஒன்றும் கதைக்கவில்லை.

“பிள்ளையோட நாலு பேர் வந்து பாத்திட்டினம்” என்றார் பிறகு.
“நாலு பேரும் நிறத்தைத்தான் சொன்னவை.”
கேற்றின் கொண்டியை ஒருக்கால் ஏற்றி, ஒருக்கால் இறக்கி,
“கறுப்பு ஆருக்குத்தான் பிள்ளை சரிவராது?”

ஸ்கூட்டி ஒருதரத்தில் ஸ்ரார்ட் ஆகவில்லை.