சாவித்துளைத் தோட்டம்

வட்டமாய்க் கல்லடுக்கி இடுப்புயரம் எழுப்பியது.
ஒரு பக்கம் மட்டும் ஆள் நுழைய ஒரு வெட்டு.
மேலிருந்து பார்த்தால் சாவித்துளை போல் இருக்குமாம்.
மேலிருந்து பார்க்க லெசோத்தோவின் இந்தச் சரிவில்
பருந்துகள்தான் உண்டு.

நடுவில் குச்சியும் வைக்கோலும் பின்னிய கூடை.
அதன் வாய்க்குள் போகாதது எங்கள் வீட்டில் குறைவு:
முட்டைக்கோஸ் தண்டு, தேயிலைச் சக்கை,
அடுப்புச் சாம்பல், துருவேறிய மீன் டப்பா,
நேற்றைய களியின் அடிப்பிடித்த பொருக்கு.
பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதன் தலையில்தான்.
முதல் மாதம் நாறியது.
இரண்டாம் மாதம் உள்ளே விட்ட கை சுட்டது.
பிறகொருநாள்
மழை விட்ட மலையின் வாசனை.
நானே கிளறியும் நான் நம்பவில்லை.

மாசெருவில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில்
துணி வெட்டுகிறவள் நான்.
நாற்பது அடுக்கு ஜீன்ஸ் துணி, ஒரே வெட்டு.
நகக்கண் அளவு பிசகினாலும்
மேற்பார்வையாளர் நோட்டில் ஏறிவிடும்.
மொண்ணையென்று கழித்துப்போட்ட கத்தரிக்கோலைக்
கேட்டு வாங்கி வந்தேன்.

தக்காளிக்கு அது போதும்.
மண்ணைத் தொடும் இலை,
மஞ்சள் புள்ளி விழுந்த இலை,
அக்குளில் முளைக்கும் பக்கக் கிளை.
விடியலில் டாக்சி வருவதற்குள்
நறுக்கி நறுக்கிக் கூடைக்குள் எறிவேன்.
தன் இலையைத் தானே தின்று காய்க்கட்டுமே.

வேலிக்கு அப்பால் செகொன்யானா சிரித்தார்:
"புசெலெட்சோ, அது செடியா செம்மறியா?
ரோமம் எடுத்த மாதிரி நிற்கிறதே,
குளிராதா அதற்கு?"
அவர் தோட்டத்தில் இலை காடாய் மண்டியிருந்தது.
காய் எங்கே என்று நான் கேட்கவில்லை.
கேட்க வாய் துறுதுறுத்தது.

ஜனவரியில் ஒரு மத்தியானம்
கால் மணி நேரம் ஆலங்கட்டி.
தொழிற்சாலைத் தகரக் கூரை இடித்த இடியில்
தையல் இயந்திரங்கள் ஊமையாயின.
எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வானம் வெட்டினால் எந்த இலை என்று பார்ப்பதில்லை.
அவருடைய காடும் என் மொட்டைச் செடிகளும்
ஒரே கூழ்.
பச்சைக் காயெல்லாம் கோழி கொத்தியதுபோல் குழி.
செகொன்யானா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்,
இழவு வீட்டு வாசலில் நிற்பவர்போல.

எல்லாவற்றையும் அள்ளிக் கூடையில் போட்டேன்.
கூடை வாங்கிக்கொண்டது.
அதற்குக் கெட்ட செய்தி என்று ஒன்று கிடையாது.

ஒன்பதாம் நாள்,
வெயில் படும் வடக்குப் பக்கத்தில்,
முறிந்த தண்டுக்குக் கீழே
ஒரு பக்கக் கிளை.
டாக்சி ஹாரன் அடித்த அவசரத்தில்
எந்த விடியலிலோ நான் பார்க்காமல் விட்டது.
விரல் நீளம்.

கத்தரிக்கோல் கையில் இருந்தது.
பழக்கம், விரல்கள் பிடிக்குள் நுழைந்தும்விட்டன.

குச்சி நட்டு, ஜீன்ஸ் கிழிசலால் தளர்வாய்க் கட்டினேன்.
உறைபனிக்கு முன் அதில் பதினேழு பழம்.
ஐந்தைச் செகொன்யானாவுக்குக் கொடுத்தேன்.
விதையை எடுத்து வைத்துக்கொண்டார்.
போகும்போது, வேறெங்கோ பார்த்தபடி,
கத்தரிக்கோலை இரவல் கேட்டார்.

இன்னும் திருப்பித் தரவில்லை.