நான்கு பாகை

கிராண்ட்பாஸில், பேக்கரிக்குப் பின்பக்கம்,
எங்கள் மருந்துக் களஞ்சியம்.
குளிர் அறைக் கதவில் ஒரு கொப்பி தொங்கும்,
நூலில் கட்டிய பேனையோடு.
மணிக்கொரு தரம் ஓர் எண்.
இரண்டிலிருந்து எட்டுப் பாகை வரைதான்
இன்சுலினுக்கு வாழ்வு.
மேலே போனால் கெடும், கீழே போனால் உறையும்.

தரவு வாசிக்க எல்லோரையும் பழக்கத்தான்
என்னை வேலைக்கு எடுத்தார்கள்.
பதினான்கு ஸ்லைட்டோடு போனேன்.
சராசரி எப்போது பொய் சொல்லும்,
வட்டப் படத்தை ஏன் நம்பக்கூடாது,
இப்படி.
ருஸ்னா கொட்டாவியை ஃபைலால் மறைத்தாள்.
மெனேஜர் குலவீரசிங்கம்
தொலைபேசியில் யாரோடோ பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசி ஸ்லைட், பெருமையாக நான் வரைந்தது:
குளிர் அறையின் ஆறு மாதம்.
நான்கு. நான்கு. நான்கு.
மேசை விளிம்பு போல ஒரு கோடு.
"பாருங்கள், எவ்வளவு கட்டுப்பாடு" என்றேன்.

பெனடிக் சிரித்துவிட்டான்.
பெட்டி ஏற்றுகிறவன். எல்லோரும் என்று சொன்னதால்
அவனையும் கூப்பிட்டிருந்தோம்,
கதிரை போதாமல் கதவோடு நின்றான்.

"மிஸ், பத்து மணிக்கு நாங்கள் லொறி ஏத்துறம்.
முக்கால் மணித்தியாலம் கதவு ஆவெண்டு கிடக்கும்.
வெளியில தார் உருகுது.
அறைக்கும் மூச்சு இருக்குத்தானே?
செத்த அறைதான் இப்பிடி நேராக் கிடக்கும்."

கொப்பியை எடுப்பித்தோம்.
நள்ளிரவு இரண்டு மணியின் நான்கும்
நடுப்பகலின் நான்கும்
ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே இருப்பில் எழுதியவை.
ஐந்து மணித்தியாலம் கரண்ட் நின்ற
அந்த ஞாயிற்றுக்கிழமையிலும்
நான்கு.

காவலாளி பியதிலக்க, சிங்களத்தில், தரையைப் பார்த்து:
ஒருமுறை ஒன்பது என்று எழுதினேன்.
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அதற்குப் பிறகு
ஒருநாளும் அறை சூடாகவில்லை.

எவ்வளவு மருந்து கெட்டிருக்கும் என்று
அன்றிரவு கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.
நான்குகளை எத்தனை தரம் கூட்டி வகுத்தாலும்
நான்குதான் வருகிறது.
மட்டக்குளியில், வெள்ளவத்தை மாடியொன்றில்,
யாரோ ஊசி போட்டுவிட்டு
சீனி இறங்கவில்லையே என்று
தன் சோற்றைத்தான் குற்றம் சொல்லியிருப்பார்.

அறையிலிருந்த சரக்கு முழுவதையும் ஒதுக்கினோம்.
வெளியே போனதைத் திருப்பி எடுக்கக் கடிதம் எழுதினோம்.
குலவீரசிங்கம் மன்னிப்புக் கேட்கவில்லை,
அது அவருக்கு வராது.
தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு,
ஜன்னலைப் பார்த்தபடி,
"பிடிச்ச காசை இந்த மாதம் போட்டுவிடு, ருஸ்னா" என்றார்.

இப்போது ஸ்லைட் இல்லை.
செவ்வாய்க்கிழமை காலையில்
குளிர் அறைக் கதவடியில் நிற்போம்,
பிளேன்டீ கையில்.
யாராவது ஒருவர் ஒரு பக்கத்தை உரத்து வாசிப்பார்,
தனக்கு வாய்த்த மொழியில்.
ருஸ்னாவுக்குத்தான் கேள்வி அதிகம்:
இது ஏன் ஏறியது? இந்த மணிக்கு யார் நின்றது?
பார்க்காத மணிக்கு "பார்க்கவில்லை" என்று எழுதலாம்.
அதற்கு ஏச்சு இல்லை.
முதல் கிழமை முழுக்க ஒருவரும் நம்பவில்லை.

பிறகொரு நாள், பதினொன்று இருபதுக்கு,
ஒன்பது தசம் இரண்டு.
பக்கத்தில் சிங்களத்தில்: கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது.
ஒன்பதின் வால் கொஞ்சம் நடுங்கியிருந்தது.
பின்னேரமே பெனடிக் பஞ்சிகாவத்தைக்குப் போய்
புது ரப்பர் வாங்கி வந்தான்.
அவ்வளவுதான் நடந்தது.

மாலபே கிளையிலிருந்து
நேற்று அறிக்கை வந்தது.
அழகான அச்சு, மூன்று நிறத்தில் வரைபடம்.
நான்கு. நான்கு. நான்கு.

நாளைக்கு அங்கே போகிறேன்,
வெறுங்கையோடு.
முதலில் கேட்க வேண்டியது:
இங்கே கடைசியாக யாருக்கு ஏச்சு விழுந்தது?