எட்டு நொடி

என் வேலை குந்தியிருப்பது.
வலைக்கம்பத்துக்கு நாலடி தள்ளி,
மடியில் ஒரு துண்டு, கையில் ஒரு துண்டு.
பந்து செத்த பிறகுதான் நான் எழலாம்.
நடுவர் விசிலை உதட்டில் வைக்குமுன்
ஈரத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பியாக வேண்டும்.
எட்டு நொடி என்றார் மேலாளர் ரஸ்தேகார்.
உனக்கு ஏழு, மிச்சம் ஒன்று
உன்னைத் திட்ட எனக்கு.

பன்னிரண்டு நாட்டுப் பையன்கள் உர்மியாவுக்கு வந்திருந்தார்கள்.
ஒருவனுக்கும் பதினெட்டு முடியவில்லை,
எங்கள் ஊர்க் கதவு நிலைகள்தான்
அவர்களுக்குக் குனியக் கற்றுக்கொடுத்தன.
கஜகஸ்தான்காரன் ஒருவன்
விடுதிக் கட்டிலுக்கு வெளியே காலை நீட்டித் தூங்க,
அந்தப் பாதம் தடுக்கித் தேநீர்த் தட்டு கவிழ்ந்ததாம்.

எல்லா நாட்டு வியர்வையும் ஒன்றுதான் என்று
தொடக்க விழாவில் ஒருவர் பேசினார்.
அவர் துடைத்துப் பார்த்ததில்லை.
தாய்லாந்தினுடையது பொட்டுப் பொட்டாக விழும்.
கொரியர்கள் தாங்களே துடைத்துக்கொள்வார்கள்,
எனக்கு வேலை வைப்பதில்லை.
எங்கள் சியாமக் நின்ற இடமெல்லாம் குளம்.

வசந்தத்தில் எனக்கும் தேர்வு நடந்தது.
சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொன்னார்கள்.
தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு.
நூற்று அறுபத்தொன்பது.
பந்தைக் கையில்கூடத் தரவில்லை.
துண்டு பிடிப்பாயா என்று கேட்டார்கள்.

ஓய்வு நாளில் பேருந்து வைத்து ஏரியைக் காட்டினார்கள்.
தண்ணீர் எங்கோ இருந்தது; கண்ணுக்கு வெள்ளை மட்டும்.
பனி என்று ஒருவன் கூவினான்.
இன்னொருவன் நக்கிப் பார்த்துத் துப்பினான்.
ஜப்பான் அணியின் லிபரோ,
முதுகில் ஹயாசே என்று எழுதியிருக்கும்,
உப்புக்கட்டி ஒன்றைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டான்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
பேருந்துப் படியருகே வரிசையில் நின்றபோது
எங்கள் தோள்கள் ஒரே மட்டம்.

ஐந்தாவது செட். பதின்மூன்று, பதின்மூன்று.
சியாமக் அடித்தது
தடுத்தவன் விரலில் பட்டு மூலைக்குத் தெறித்தது.
ஹயாசே பாய்ந்தான்.
உள்ளங்கையைத் தரையில் ஒட்டிப்
புறங்கையில் பந்தை வாங்கினான்.
அது எழுந்தது. யாரோ தட்டிவிட்டார்கள்.
எங்கள் பக்கம் ஆளில்லாத இடம் பார்த்து விழுந்தது.

நான் ஓடினேன்.
தரையில் அவன் கிடந்தான்:
நெஞ்சு, நீட்டிய வலது கை,
இழுபட்ட ஒரு முழங்கால்,
விரல் ஐந்தும் தனித்தனியாக.
ஈரத்தால் ஆன ஒரு பையன்,
என் அளவு.

ஒன்று. இரண்டு.
எங்கிருந்து தொடங்குவது?
மூன்று. தலையிலிருந்தா?
அராஸ், அராஸ் என்று ரஸ்தேகார் கத்துகிறார்,
தன் ஒரு நொடியை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு.
நடுவர் விசிலை இறக்கிவிட்டு
மேலேயிருந்து குனிந்து பார்க்கிறார்.
மாடம் முழுக்க எங்கள் மொழியிலேயே வசவு.
ஆட்டத்துக்குத் திரும்பியிருந்த ஹயாசே ஓடி வந்து
சட்டை நுனியால் முழங்காலிலிருந்து துடைக்கிறான்.
நான் விரல்களிலிருந்து.
நெஞ்சருகே வந்ததும்
இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.
தேங்காய் மாதிரி சத்தம்.
அரங்கமே சிரித்தது.

கடைசிப் புள்ளியை நான் பார்க்கவில்லை.
நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
பதினைந்து, பதின்மூன்று என்றது பலகை.
சியாமக்கின் கவனம் கலைந்ததற்குத்
தேநீர்க் கடைகளில் இன்னும் என்னைத்தான் சொல்கிறார்கள்.

இரவு பதினொன்றுக்கு விளக்குகளை
வரிசை வரிசையாக அணைத்தார்கள்.
துண்டுகளை அலசிப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டு
அந்த மூலைக்குப் போனேன்.
பந்தில்லை. ஆனாலும் பாய்ந்தேன்.
முழங்கை எரிந்தது.
எழுந்து பார்த்தால் தரை காய்ந்தே கிடந்தது.
மறுபடி.
மறுபடி.
ஆறாவதிலோ ஏழாவதிலோ
மங்கலாக ஒரு தோள் தெரிந்தது,
பிறகு கை.

நல்லவேளை,
துண்டுகள் எல்லாம் ஈரம்.