இழுவை இல்லாத மாவு

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு.
பரவை மார்க்கெட்டில் கூட்டம் வடிந்தபின்
இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு காலிஃபிளவர்.
பூ வாங்கிட்டேன் என்று போனில் சொன்னதை நம்பித்
தலைசீவி நின்றாள் ஜெயக்கொடி.
பையை எட்டிப் பார்த்தாள்.
"இதை எந்தக் கொண்டையில வைக்க?"

ரிப்போர்ட் இன்னும் டிவி மேல்தான் கிடக்கிறது.
மூன்று மாதச் சர்க்கரை, ஈரலில் கொழுப்பு.
டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி,
என்ன வேலை பாக்குறீங்க?
சிம்மக்கல்லில் பரோட்டா மாஸ்டர் என்றதும்
பேனாவை மூடிவைத்துச் சிரித்துவிட்டார்.
மைதாவை விட்டுருங்க.
கையிலிருந்தா வாயிலிருந்தா
என்று நான் கேட்கவில்லை.

பீட்சா என்பது மகள் சஷ்மிகாவின் யோசனை.
ஒன்பதாம் வகுப்பு. நோட்டில் கோடு போட்டு
பரோட்டாவுக்கு இவ்வளவு, சால்னாவுக்கு இவ்வளவு,
நீ தின்பது நாலு, அதனால் பெருக்கல்.
கலோரின்னா என்னடி?
வெப்பம்ப்பா. தண்ணியைச் சுடவைக்கிற அளவு.
வெப்பம் எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருஷமாகக் கல்லுக்கு முன்னால் நிற்கிறேன்,
பனியனைப் பிழிந்தால் அது சாட்சி சொல்லும்.
எண்ணலாம் என்பதுதான் தெரியாமல் போச்சு.

மஞ்சள் உப்புச் சுடுதண்ணீரில் பூவை அமுக்கி
மிதந்த பச்சைப்புழுவை எடுத்தெறிந்து
தேங்காய்போலத் துருவி, ஆவி காட்டி,
பழைய வேட்டித்துண்டில் கட்டிப் பிழிந்தேன்.
பிழியப் பிழிய வந்துகொண்டே இருந்தது.
ஒன்றரைத் தம்ளர்.
ஏவி பாலத்துக்குக் கீழே தேடினாலும்
இந்த மாதம் அவ்வளவு கிடைக்காது.
ஜெயக்கொடி அதை ரசத்துக்கு எடுத்துவைத்தாள்.

முட்டை ஒன்று, கடலைமாவு இரண்டு கரண்டி, மிளகு.
உருட்டினேன், உருண்டது.
அங்கேதான் கை தன் புத்தியைக் காட்டியது.
தட்டி, விரித்து, ஓரத்தைப் பிடித்து
ஒரே ஒரு வீச்சு.
சுவரில், அடுப்பில், காலண்டர் முருகனின் வேல்மேல்,
பெருக்கல் போட்டிருந்த நோட்டில்.
ஒரு நொடி யாரும் பேசவில்லை.
அப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில்
கீழ்வீட்டு ரபீக் பாய் வந்து கதவைத் தட்டினார்.

மைதா அடிக்க அடிக்க வழிக்கு வரும்.
எண்ணெய் காட்டினால் கண்ணாடியாகும்,
இழுத்த பக்கமெல்லாம் வரும்.
மிச்சமிருந்த இதற்கு இழுவையே இல்லை.
விரல்நுனியால் கெஞ்சிக் கெஞ்சி
ஓரத்தைக் கூட்டிச் சேர்க்கணும்,
பச்சப்பிள்ளைக்குத் தலைதுவட்டுகிற மாதிரி.

குக்கரில் உப்பைப் பரப்பி
வளையத்தையும் விசிலையும் கழற்றித்
தட்டை இறக்கி மூடினேன்.
திருப்பிப் போடாதப்பா, இருபது நிமிஷம் சும்மா இரு.
இருபது நிமிஷத்தில்
நான் அறுபது போட்டு எடுப்பேன்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கேட்காமலே வெங்காயம் உரித்தேன்.

மேலே தக்காளி, குடைமிளகாய்,
நகைக்கடைக்காரன்போல் மகள் நிறுத்துக் கொடுத்த
முப்பது கிராம் சீஸ்.
ஓரம் முறுகல், நடுவில் கொஞ்சம் கொழகொழ.
பீட்சா மாதிரி இல்லப்பா என்றாள்,
மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே.
எனக்குக் காலிஃபிளவர்தான் ருசித்தது.
அதை மறைக்க அது மெனக்கெடவும் இல்லை.
ஒரு கரண்டி சால்னா இருந்தா, என்று ஆரம்பித்தேன்.
ஜெயக்கொடி பார்த்தாள்.
முடித்துக்கொண்டேன்.

புதன் சாயங்காலம் ஆறு மணி.
இருபது கிலோ மைதா ஈரத்துணிக்கடியில் மூச்சு விடுகிறது.
"மாஸ்டர், ரெண்டு வீச்சு, நாலு கொத்து!"
வீசுகிறேன்.
உதடு தானாக எதையோ பெருக்குகிறது.
மூணாம் டேபிள்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டு
இன்னும் ஒன்று கேட்கிறார்.
கொஞ்சம் சின்னதாய்ப் போடுகிறேன்.