யார் முந்தி

தார்த்து நகரில் டிசம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
எனெலியின் திரையில் மட்டும்
எல்லாம் பச்சை.

இடத்தைப் பிடி: ஒருமுறை அழைக்கப்பட்டது.
பணத்தை எடு: ஒருமுறை.
சீட்டை அனுப்பு: ஒருமுறை.
மூன்றும் போலிகள்.
பின்னால் கப்பல் இல்லை, வங்கி இல்லை;
கூப்பிட்டால் வந்தேன் என்று மட்டும்
சொல்லத் தெரிந்தவை.

நேற்றிரவு தீவுக்குப் போகும் துறையில்
ராய்வோ என்றொருவர்,
பணம் போனபிறகு இடமில்லை என்று தெரிந்து,
காருக்குள்ளேயே விடியும்வரை.
புகாரில் கோபமே இல்லை.
நாய்க்கும் குளிர் என்று எழுதியிருந்தார்,
பெயர் மூரி.

வந்தாயா என்று கேட்டோமே தவிர
எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை.

ஒவ்வொரு போலியும்
தன் அழைப்பு எண்ணை மடியில் முடிந்து வைத்திருக்கும்,
கேட்டால்தான் அவிழ்க்கும்.
கேட்டாள்.
பணம், நான்கு.
இடம், ஐந்து.

பந்திக்கு முந்தியிருக்கிறது பணம்!

இடத்தின் எண்
பணத்தின் எண்ணைவிடச் சிறியதாக இருக்கவேண்டும்:
ஒரே வரி.
சோதனைக்குப் பெயர் வேண்டுமே,
மூரி என்று தட்டினாள்.

ஓட்டினாள்.
சிவப்பு.

அப்பாடா என்று
போட்டிருந்த கோட்டைக் கழற்றி
நாற்காலியில் மறுபடி மாட்டினாள்.