பதினாலாம் வாரம்

"பட்டனைப் பாருங்கள், என்ன ஆழம்!
விரல் வைத்தால் நகம் மறையும்" என்றான் விற்றவன்.
வைத்தேன். மறைந்தது.
யெசெனீட்சே உருக்காலையின் பின்புறத் தகரக் கொட்டகையில்
எண்ணிக் கொடுத்துவிட்டுப் பச்சை கவாசாகியை வாங்கினேன்.
நாற்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தவளுக்குப்
பட்டனைத் தாண்டி என்ன தெரியும்.

மூன்றாம் நாள் தூறல். பெட்ரோல் பங்க் ரவுண்டானா.
வேகம் இருபது, அவ்வளவுதான்.
முன்சக்கரம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்
தன் வழியே போய்விட்டது.
முழங்கை, ஒரு கண்ணாடி, ஒரு இண்டிகேட்டர்.
பால்வண்டிக்காரன் ஓடிவந்து
முதலில் வண்டியைத் தூக்கினான்,
பிறகு என்னை.

டயர்க்கடை விதா குனிந்து
நீண்ட எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்களை
எச்சில் தொட்டுத் துடைத்துக் காட்டினாள்:
1409.
இரண்டாயிரத்து ஒன்பது, பதினாலாம் வாரம்.
கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். பதியவில்லை.
"பட்டன் இருக்கிறது. ரப்பர் எப்போதோ கல்லாகிவிட்டது."
மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்த அந்த வாரம்
நான் எங்கே இருந்தேன், யாரோடு சண்டை போட்டேன்,
ஒன்றும் நினைவில்லை.
டயர் மட்டும் அன்றிலிருந்து
நாள் தவறாமல் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது.

புது டயர்கள் மீசை முளைத்த பையன்கள் மாதிரி,
பளபளப்பு, ஓரமெல்லாம் ரப்பர் முடி.
"நூறு கிலோமீட்டர் வரை வழுக்கும்,
சாய்க்காதே, திடீரென்று பிரேக் பிடிக்காதே.
இதற்கும் உனக்கும் ஒரே வயசு" என்றாள் விதா.

பகலில் நான் பல் கட்டுகிறவள்.
மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே தொடுகின்றன என்று பார்க்க
நடுவே நீலத்தாள் வைத்துக் கடிக்கச் செய்வோம்.
நீலம் ஒட்டிய இடம்தான் உண்மை.
சாலையும் டயரும் அப்படித்தான்:
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கடி,
அதற்கு மேல் நான், என் கடன், என் ஹெல்மெட்,
காலையில் குடித்த காப்பி.

ஆய்வகத்தில் பக்கத்து மேசை த்யாஷாவும்
இந்த வசந்தத்தில்தான் பழகினாள்.
செவ்வாய்தோறும் வேலை முடிந்து வெர்ஷிச் மலைக்குப் போவோம்.
தெரியாததை எல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போம்.
இடப்புறம் திரும்ப, இடக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டுமாம்.
"பைத்தியமா உனக்கு?" என்றேன்.
தள்ளினேன். திரும்பியது.

அங்கே வளைவுகளுக்கு எண் உண்டு.
பலகையில் எண்ணும் உயரமும்; தரையில்
தாரில்லை, பதித்த கருங்கல்.
முதல் செவ்வாய், எட்டாம் வளைவு.
கல் நனைந்து மீன்முதுகாய் மினுங்கியது.
மேலிருந்து ஒரு கேம்பர் வேன்.
நான் மதில்சுவரைப் பார்த்தேன்,
வண்டியும் மதில்சுவரைப் பார்த்தது.
ஒரு சாண் மிச்சம்.
ரஷ்யச் சிற்றாலயத்தின் அருகே நிறுத்தி
இருவரும் பேசாமல் ரொட்டி தின்றோம்.
திரும்பிவிட்டோம்.

அடுத்த வாரமும் எட்டு. அதற்கடுத்தது பதினொன்று.
வலப்பக்க வளைவுகள்தான் கழுத்தைப் பிடித்தன;
உள்ளங்கையை மடக்குவது போலச் சாலை தனக்குள் மடங்கும்.
வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை,
தாடையைத் தோளுக்குத் திருப்பு,
போக வேண்டிய இடத்தைப் பார், பயப்படும் இடத்தை அல்ல.
எழுத எளிது.
பதின்மூன்றில் ஒருநாள், எப்படி என்று தெரியாது,
மதில் என் கண்ணில் படவே இல்லை.
வண்டி சாய்ந்தது, நானும் சாய்ந்தேன்,
வெளியே வரும்போது ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் த்யாஷா ஹாரனை அடித்தாள்.

உச்சி இருபத்து நான்கு. இன்னும் போகவில்லை.

விடுதி வாசலில் இரண்டு பேர்
என் பின்டயரின் தேயாத ஓரத்தைக் காட்டி,
"பயந்தாங்கொள்ளிக் கோடு" என்றார்கள்.
இரண்டு விரல் அகலம், இன்னும் முடியோடு.
நீலம் ஒட்டாத இடம்.
திடீரென ஒரு மான் குறுக்கே வந்தால்
அது எனக்கு வேண்டியிருக்கும் என்று சொல்லத் தோன்றியது;
சொல்லவில்லை, சூப் ஆறிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க் காலை. டயர் குளிர்ந்திருக்கும்போதே
கராஜில் முழங்காலிட்டு மானியை வைக்கிறேன்.
சின்னதாய் ஒரு சீற்றம்.
முள் ஏறி நடுங்கி நிற்கிறது.
இரண்டு புள்ளி ஒன்று.
இரண்டு புள்ளி ஐந்து வேண்டும்.
பம்ப்பை எடுக்கிறேன்.